ஒத்திகை என்று ஒரு சொல்

தாணு சார் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதற்குப் பதில் வாங்க அவரும் நானும் வேகாத வெயிலில் மார்த்தாண்டம் வரைக்கும் போய், குளச்சல் சுற்றி, பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினோம்.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஆபீஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் என்னால் முடியாது. நினைத்தாலே ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

நாகர்கோவில் வடசேரியில், மிக்சி ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே மிக்சியை ஓட்டிப் பார்த்தால் மேலே எங்கள் மேஜை நடுங்கும். சீடி எழுதும் நேரத்தில் நடுங்கினால் அந்த சீடி பாழ். அதனால் ஒவ்வொரு முறையும் நான் கீழே ஓடிப்போய், "அண்ணே, கொஞ்ச நேரம் மிக்சி போடாதீங்க" என்று கெஞ்சிவிட்டு வர வேண்டும். அப்போது எரிச்சலாக இருக்கும். இன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பேன்.

நாங்கள் செய்து விற்றது ஒரே ஒரு கருவி. பெயர் 'மாத்தி'.

அந்தக் காலத்தில் தமிழில் தட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் பூச்சி பூச்சியாக நிற்கும். பழைய எழுத்துருவில் அடித்ததை எல்லாம் யூனிகோடு என்கிற ஒருங்குறிக்கு மாற்றித் தருவதுதான் மாத்தியின் வேலை. பட்டன் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. மாத்தி என்று தட்டி, கோப்பின் பெயரைத் தட்டி, அதற்குப் பிறகு இரண்டு சின்னக் கோடு போட்டு ஒரு சொல் தட்ட வேண்டும். ஹோட்டலில் வடை கேட்டுவிட்டு, "சாம்பார் தனியா" என்று சொல்லுகிறோமே, அதைப் போல. அந்தப் பின்சொல்லை வைத்துத்தான் மாத்தி என்ன செய்யும், எப்படிச் செய்யும் என்பதெல்லாம்.

ஆபீஸில் நாலு பேர். முதலாளி ஞானதாஸ் அண்ணாச்சி. கருவியை எழுதிய பெனிலா. கருவியோடு கொடுக்கும் கையேட்டை எழுதிய தாணுமாலயன் சார். போன் எடுக்க நான், சுயம்பு.

பெனிலாவுக்கு அப்போது முப்பத்திச் சொச்சம். தாணு சார் ஐம்பதைத் தாண்டியவர், சுசீந்திரத்துக்காரர். அதற்கு முன்னால் டுட்டோரியலில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வயசைப் பார்த்தால் அவர்தான் வாத்தியார். ஆனால் கேள்வி கேட்கிறது எப்போதும் அவர்.

எங்கள் ஊர்ப் பக்கம் சிலம்பமும் வர்மமும் சொல்லித் தருகிறவரை ஆசான் என்போம். ஆசானிடம் எதையாவது கேட்டால் வாயால் பதில் வராது. கையைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்புவார், அதுதான் பதில். பெனிலாவும் அப்படித்தான். அதனால் தாணு சார் சேர்ந்த மாதமே அவளை "ஆசான்" என்று கிண்டலாகக் கூப்பிட ஆரம்பித்தார். நாளாவட்டத்தில் கிண்டல் போய்விட்டது. ஆசான் மட்டும் நின்றுவிட்டது.

புதுப் பதிப்புக்கான சீடிகளை எழுதி முடித்து ஜன்னல் ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தோம். சனிக்கிழமை தபாலில் போட வேண்டும். தக்கலையில் டிடிபி கடை வைத்திருக்கும் சபூரா மட்டும் ஏதோ வேலையாக நாகர்கோவில் வந்தவள் கையோடு ஒன்றை வாங்கிப் போயிருந்தாள்.

புதன்கிழமை காலையில் அவளிடமிருந்து போன்.

"சுயம்பு அண்ணனா?"

குரல் சரியில்லை.

"என்னம்மா?"

"ஒத்திகைன்னு போட்டேன் அண்ணே. ஆனா நெசமாவே மாத்திட்டு."

ஒத்திகை என்பது மாத்தியில் ஒரு பின்சொல். அதைச் சேர்த்தால் மாத்தி எந்தக் கோப்பையும் தொடாது. மாற்றினால் எப்படி இருக்கும் என்று திரையில் மட்டும் காட்டும். பார்த்துவிட்டு, சரி என்றால் நிஜமாக ஓட்டலாம். எழுத்துருவின் பெயரைத் தப்பாகக் கொடுத்துவிட்டோமா என்று தெரிந்துகொள்ள எல்லாரும் இதைத்தான் நம்பியிருந்தார்கள்.

சபூரா தப்பான பெயரைத்தான் கொடுத்திருந்தாள். ஒத்திகை என்றால் அது திரையிலேயே தெரிந்திருக்கும். ஒத்திகை நடக்கவில்லை. எல்லாக் கோப்புகளின் மேலேயும் மாத்தி பூச்சி பூச்சியாக எழுதி வைத்துவிட்டது.

"என்ன கோப்பும்மா?"

"கல்யாணப் பாட்டு. நம்ம பக்கத்துப் பொம்பளைங்க பாடுவாங்கல்லா, வீடு வீடாப் போயி எழுதினது."

"நகல் எடுத்து வச்சிருக்கியா?"

"ஒத்திகைதானேன்னு எடுக்கல."

போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். பெனிலா தலையில் கையை வைத்தாள்.

"பேர மாத்தினது நான்தான்," என்றாள். "ஒத்திகைய எடுத்துட்டு முன்பார்வைன்னு போட்டேன். நல்லா இருக்குன்னு தோணிச்சு. சார்கிட்ட சொல்லல."

தாணு சாரின் கையேட்டில் ஒத்திகை என்றே இருந்தது.

இதில் இன்னொரு கூத்து உண்டு. தெரியாத சொல்லைத் தட்டினால் வேறு கருவிகள் எல்லாம் கத்தும். எங்கள் மாத்தி கத்தாது. முதன்முதல் பதிப்பில் ஒரு எழுத்து மாறிப் போனாலும் சிவப்பில் ஆங்கிலத்தில் ஏதோ வரும். கடைக்காரர்கள் கம்ப்யூட்டரே போச்சு என்று பதறி எனக்குப் போன் பண்ணுவார்கள். அதனால் அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "நம்ம கருவி கஸ்டமர திட்டப்பிடாது." அன்றிலிருந்து மாத்தி தனக்குப் புரியாத சொல்லைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். வீட்டுக்கு வந்தவரிடம் முகம் சுளிக்கக் கூடாது என்று நினைக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். கருவியையும் அப்படியே வளர்த்து வைத்திருந்தோம்.

சபூரா தட்டிய ஒத்திகையையும் அது மரியாதையாக விழுங்கிவிட்டது.

"சவத்த விடுங்க," என்றார் அண்ணாச்சி. "ஒரு துண்டுச் சீட்டு அடிச்சு சீடி கூட வச்சிருவோம். இனி யாருக்கும் வராது."

தாணு சார் அதற்குள் இணையத்தில் இருந்த கையேட்டைத் திறந்து ஒத்திகையை அடித்துவிட்டு முன்பார்வை என்று போட்டு முடித்திருந்தார். வைத்த டீ ஆறவில்லை. அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஆசான், கருவி ஒண்ணு சொல்லுது, புத்தகம் ஒண்ணு சொல்லுது. ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும். எதப் பாத்து எதத் திருத்தணும்?"

"நீங்க எதத் திருத்தினீங்க?"

"புத்தகத்த. கருவிதானே நெசம்?"

"எல்லாப் புத்தகத்தையுமா?"

"இணையத்துல உள்ளதத் திருத்தியாச்சு. இனி அச்சடிக்கிறதும் சரியா வரும்."

"ஏற்கெனவே வெளிய போனது?"

தாணு சார் டீ டம்ளரை எடுத்துத் திரும்ப வைத்தார்.

"போயி வாங்கிட்டு வாங்க சார். எல்லாம் கைக்கு வந்த பெறகு திருத்துவோம்."

"மாத்தினது நீங்க. அலையிறது நானா?"

முகத்துக்கு நேரே கேட்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"ஆமா. நான் போனா மன்னிப்பு மட்டும் கேட்டுட்டு வந்திருவேன். நீங்க போனா வாசிச்சுட்டு வருவீங்க."

அண்ணாச்சி குறுக்கே விழுந்தார். "சனிக்கிழம தபால்ல போடணும், மறந்திராதீங்க."

"சார் வரட்டு அண்ணாச்சி," என்றாள் பெனிலா.

மறுநாள் காலையில் கிளம்பினோம். கடைக்காரர்களுக்கு என் குரல் பழக்கம் என்று என்னையும் சேர்த்து அனுப்பினார்கள். தாணு சார் கையில் ஒரு காலிப் பை. வாங்கிய கையேடுகளைப் போட்டுக்கொண்டு வர.

தக்கலை வழியாகத்தான் பஸ் போனது. ஸ்டாண்டில் நின்றபோது சபூராவின் கடை போர்டு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தாணு சார் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இறங்குவோமா சார்?"

"வரும்போது பாப்போம்."

மார்த்தாண்டத்தில் வில்பிரட் கல்யாணக் கார்டு அடிக்கிறவர். எங்களைக் கண்டதும் நன்னாரி சர்பத் வரவழைத்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"புத்தகமா? அது எங்க இருக்கு புத்தகமா?" என்று சிரித்துவிட்டுச் சுவரைக் காட்டினார்.

கையேட்டை ஏடு ஏடாகப் பிரித்துக் கஞ்சிப் பசை போட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தெரியும்படி.

"சுவரப் பேத்துக் கொண்டு போறீங்களா சார்?"

தாணு சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "வேண்டாம். இந்த ஒரு சொல்ல மட்டும் அடிச்சிட்டு மேல எழுதிருதேன்."

"எழுதுங்க. ஆனா ஒண்ணு சார். எங்கிட்ட கம்ப்யூட்டர் ரெண்டு. புது சீடி வந்தா இந்த மிசினுக்குத்தான் போடுவேன். அந்தா இருக்கே, அது ஆதிகாலத்து மிசின். அதுல பழைய மாத்திதான் ஓடும். ரெண்டுக்கும் சுவரு ஒண்ணுதானே?"

தாணு சாரின் பேனா சுவருக்குக் கிட்டே போய் நின்றுவிட்டது.

எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. சுவரில் முன்பார்வை என்று எழுதினால் புது மிசினில் சரி. பழைய மிசினில் அதே சொல்லைத் தட்டினால், பழைய மாத்திக்கு அந்தச் சொல் தெரியாது. அதுவும் தெரியாததை விழுங்குகிற பதிப்புதான்; விழுங்கிவிட்டு நிஜமாகவே ஓடிவிடும். சபூராவுக்கு வந்தது வில்பிரட்டுக்குத் தலைகீழாக வரும்.

தாணு சார் பேனாவை மூடிப் பையில் வைத்தார். சர்பத்தைக் குடிக்காமலே எழுந்தார்.

அங்கிருந்து குளச்சல். சர்ச்சுப் பத்திரிகை தட்டிக் கொடுக்கிற ஜெரோமியாஸ் கடையில் மீன் வாடையும் ஊதுபத்தி வாடையும் கலந்து அடிக்கும். கடல் காற்றுக்குக் கம்ப்யூட்டருக்குச் சட்டை தைத்துப் போட்டிருந்தார்.

"புத்தகத்த யாரோ கொண்டு போனான் சார். எவன்னு தெரியாது. அது எதுக்கு? எல்லாம் இங்க இருக்குல்லா?" என்று நெற்றியைத் தட்டிக் காட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தார்.

தாணு சார் எழுதிய கையேடு. முதல் பக்கத்திலிருந்து, ஒரு சொல் பிசகாமல். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஜெபம் சொல்லுகிற அதே ராகத்தில்.

"இதையும் வாங்கிட்டுப் போறீங்களா சார்?" என்று மறுபடியும் நெற்றியைத் தட்டினார்.

"வேற யாருக்காவது சொல்லிக் கொடுத்திருக்கியா?" என்று நான் கேட்டேன்.

"இந்தக் கடற்கரைல தமிழ் தட்டுத அத்தன பேரும் நம்ம பிள்ளைங்கதான்."

"அவங்ககிட்ட புத்தகம் இருக்கா?"

"நான் இருக்கும்போது புத்தகம் எதுக்கு?"

பஸ் திங்கள்சந்தை தாண்டியதும் தாணு சார் சொன்னார்:

"நான் எழுதினத ஒருத்தன் மனப்பாடமா ஒப்பிச்சு இன்னைக்குத்தான் கேக்கேன் சுயம்பு."

"சந்தோசமா சார்?"

"சந்தோசப்பட வேண்டிய நாளுதான்."

காலிப் பையை மடித்து மடித்துக் கைக்குட்டை அளவுக்கு ஆக்கியிருந்தார்.

தக்கலையில் சபூரா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அழுத முகம். ஆனாலும் பக்கத்து டெய்லர் கடையிலிருந்து ஸ்டூல் வாங்கிப் போட்டாள், டீ சொன்னாள். இதற்குப் பதில் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"எவ்வளவும்மா போச்சு?" என்று கேட்டார் தாணு சார்.

"கேசட்ல உள்ளது போகாது சார். திரும்பக் கேட்டு எழுதிக்கிடலாம். ஆயிசா மாமி பாட்டுக்குத்தான் கேசட் இல்ல. டேப்பக் கண்டா மாமிக்குக் கூச்சம். அவங்க சொல்லச் சொல்ல நான் நேரா தட்டினேன்."

"மாமிகிட்ட மறுபடி கேக்கலாம்லா?"

"போன நோம்புல மௌத்தாயிட்டாங்க."

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

சபூரா மேஜை டிராயரிலிருந்து கையேட்டை எடுத்தாள். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவதைப் போல் காக்கி அட்டை போட்டிருந்தாள். ஒரு பக்கத்தைப் பிரித்துத் தாணு சாரிடம் நீட்டினாள். பென்சிலால் கோடு போட்டிருந்த இடம்.

"வாசிங்க சார்."

அவர் வாசித்தார்.

"ஒத்திகை. இந்தச் சொல்லைச் சேர்த்தால் எதுவும் மாறாது. என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். பயப்படாமல்..."

நின்றுவிட்டார்.

"பயப்படாமல் தட்டிப் பாருங்கள்," என்று சபூராவே முடித்தாள். "நான் கம்ப்யூட்டருக்குப் பயந்தவ சார். கட போட்ட பெறகும் அதத் தொடாம எத்தனையோ நாளு சும்மா இருந்திருக்கேன். இந்த வரியப் படிச்ச பெறகுதான் தட்டினேன். நேத்தும் நான் பயப்படல."

குற்றம் சொல்லுகிற தொனியே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். தாணு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இந்தாங்க சார், இதுக்குத்தானே வந்தீங்க," என்று கையேட்டை நீட்டினாள்.

"வேண்டாம்மா. அது உங்கிட்டயே இருக்கட்டு."

கொஞ்சம் கழித்து, "ஆயிசா மாமி பாட்டு ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டு மூணு அடி இருக்கு."

"சொல்லு. நான் எழுதுதேன்."

மார்த்தாண்டத்தில் மூடி வைத்த பேனாவை எடுத்தார். அவள் சொன்னாள், அவர் எழுதினார். அதற்கு மேல் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கேசட்டில் உள்ள பாட்டுகளை எழுத அவர் அதற்குப் பிறகு வாரா வாரம் தக்கலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கேசட் தீர்கிற வரைக்கும் போனார். ஆயிசா மாமியின் பாட்டு மட்டும் அந்த அளவோடு நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆபீஸ் ஏறியபோது பெனிலா எங்களுக்காகக் காத்திருந்தாள்.

"எத்தன கொண்டு வந்தீங்க?"

"ஒண்ணும் இல்ல."

தாணு சார் சுவரைப் பற்றிச் சொன்னார். ஜெரோமியாஸைப் பற்றிச் சொன்னார். சபூராவைப் பற்றிச் சொல்லும்போது பெனிலாவைப் பார்க்காமல் சொன்னார். கடைசியில்,

"புத்தகத்தத் திருத்த முடியாது ஆசான். அது நம்ம கையில இல்ல," என்றார்.

பெனிலா எழுந்தாள். ஜன்னல் ஓரத்தில் அடுக்கியிருந்த சீடிகளை அப்படியே அள்ளி என் மேஜை மேல் வைத்தாள்.

"சுயம்பு அண்ணே, இத எல்லாம் ஒடிச்சிருங்க."

"ஏ பிள்ளே! என்ன செய்யுத?" என்று அண்ணாச்சி ஓடி வந்தார். அவர் முகம் கருவாடு மாதிரி சுருங்கிவிட்டது.

"வேற எழுதுவோம் அண்ணாச்சி."

"துண்டுச் சீட்டு வைக்கலாம்னு சொன்னேன்லா?"

"ஜெரோமியாஸ் அண்ணன் நெத்தில எங்க ஒட்ட?"

அண்ணாச்சி தாணு சாரைப் பார்த்தார். தாணு சார் என்னைப் பார்த்தார். நான் முதல் சீடியை எடுத்து ஒடித்தேன். சத்தம் பெரிதாகக் கேட்டது. அண்ணாச்சி வெளியே போய் நின்றுகொண்டார். கெட்ட மனுஷர் இல்லை, பாவம். சாயங்காலம் அவரே எல்லாருக்கும் பழம்பொரி வாங்கி வந்தார்.

பெனிலா மாத்தியைத் திருத்த உட்கார்ந்தாள். ஒத்திகை என்று தட்டினாலும் ஒத்திகை, முன்பார்வை என்று தட்டினாலும் ஒத்திகை. தெரியாத சொல் வந்தால் விழுங்காமல் நின்றுவிட வேண்டும்.

"திட்டுமோ?" என்று அண்ணாச்சி வாசலிலிருந்தே கேட்டார்.

"திட்டாது அண்ணாச்சி. நின்னுக்கிடும்."

நிற்கும்போது சொல்ல வேண்டியதைத் தாணு சார் எழுதிக் கொடுத்தார். "இந்தச் சொல் எனக்குத் தெரியவில்லை. உங்கள் கோப்பைத் தொடவில்லை." புதன்கிழமை இணையத்தில் மாற்றியதையும் பழையபடி ஒத்திகை என்றே ஆக்கினார்.

வேலை முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. "சார், புத்தகத்த எடுங்க," என்றாள் பெனிலா. "நீங்க வாசிங்க, நான் தட்டுதேன். புத்தகத்துல உள்ளத மட்டும் வாசிக்கணும், வாசிச்சத மட்டும் தட்டணும்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். பிறகு ஆபீஸ் மூடுகிற வரைக்கும், ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் முன்னால் அவர் வாசிப்பார், அவள் தட்டுவாள். எத்தனை அருமையான மத்தியானங்கள்! அந்த இரண்டு குரல்களும் விசைப்பலகைச் சத்தமும் இல்லாத ஆபீஸ்களில்தான் நான் அதற்குப் பிறகு வேலை பார்த்தேன்.

ஆனால் அந்த முதல் நாள் வேறு.

தாணு சார் ஒவ்வொரு வரியாக வாசித்தார். புத்தகம் சொன்னதை மாத்தி செய்தது. ஓரிடத்தில் செய்யவில்லை. பெனிலா நிறுத்தித் திருத்தினாள், மறுபடி வாசிக்கச் சொன்னாள். ஒத்திகைப் பக்கம் வந்தது.

அது வரைக்கும் 'அம்மா இங்கே வா வா' என்று அடித்த மாதிரிக் கோப்பு ஒன்றை வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பெனிலா அதை மூடினாள். வேறொரு கோப்பைக் கொண்டு வந்து வைத்தாள். அது என்னவென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மீன் பெயர்கள். அவள் ஊர் கடியபட்டணம். கரையில் மீன் விற்கிற பெண்களிடம் கேட்டுக் கேட்டுப் பழைய எழுத்துருவில் அவள் தட்டி வைத்தது. சாளை, அயிலை, நவரை, வாளை என்று நமக்குத் தெரிந்தது பாதி. ஒரே மீனுக்குக் குஞ்சில் ஒரு பேர், வளர்ந்தால் ஒரு பேர், முட்டையோடு வந்தால் ஒரு பேர் என்று நமக்குத் தெரியாதது மீதி. எந்த மழை நாளிலும் அந்தக் கோப்பைத் திறந்து ஒரு பேராவது சேர்க்காமல் அவள் வீட்டுக்குப் போனதில்லை. இன்றைக்கு என்னிடம் அதன் நகல் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு யாரிடமும் இல்லை.

தாணு சார் கையேட்டை மூடினார்.

"இதுக்கு நகல் எடுத்தீங்களா?"

"இல்ல."

"எடுத்துட்டு வாங்க. நான் இருக்கேன்."

"சபூரா எடுக்கலல்லா?"

"ஆசான், இது விளையாட்டு இல்ல."

"வாசிங்க சார்."

அவர் வாசிக்கவில்லை. வேறொன்று கேட்டார். நேற்றிலிருந்து அவர் மனசில் கிடந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

"அந்தக் கடைசி வரிய எடுத்திரட்டா?"

"எந்த வரி?"

"பயப்படாமல் தட்டிப் பாருங்கள்னு எழுதினேன்லா. அப்பிடிச் சொல்ல நான் யாரு? எதுவும் மாறாதுங்கறதோட நிறுத்திக்கிடுதேன். கருவி எப்ப என்ன செய்யும்னு யாருக்குத் தெரியும்?"

"அந்த வரிக்காகத்தானே சார் அவ கம்ப்யூட்டரத் தொட்டா."

"அதனாலதான் கேக்கேன்."

"வாசிங்க."

அவர் கையேட்டைத் திறந்தார். சொல் சொல்லாக வாசித்தார். அவள் சொல் சொல்லாகத் தட்டினாள். மாத்தி, கோப்பின் பெயர், எழுத்துருவின் பெயர். அதையும் வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்தாள். பிறகு இரண்டு சின்னக் கோடு, ஒத்திகை. இனி ஒரே ஒரு விசை பாக்கி. அவள் விரல் அதன் மேல் போய் நின்றது. அழுத்தவில்லை.

தாணு சார் அதைப் பார்த்தார்.

"பயப்படுதீங்களா ஆசான்?"

"ஆமா சார்," என்றாள் பெனிலா. "அந்த வரி அங்க நிக்கணும்னா, யாராவது ஒராள் இங்க இருந்து பயப்படணும்."